சரியாச் சொன்னவன்

கோவிச்சுக்காதீங்கம்மா, ஒண்ணு கேக்கட்டுமா? உங்களை ஏத்திவிட்டுட்டுப் போனாரே, அவரு உங்க வீட்டுக்காரர்தானா?

இல்ல, சும்மாத்தான் கேட்டேன். எலுமிச்சம்பழம் வாங்கிக் குடுத்தாரு. ஜன்னலோரமாப் பாத்து உக்கார வச்சாரு. பின்னால உக்காராத, தூக்கிப் போட்டா உனக்குத் தலை சுத்தும்னாரு. பஸ்சு கிளம்புன பெறகும் கூடவே நடந்து வந்து, பெரம்பலூர்ல டீ குடிக்காத, அந்தப் பாலு உனக்கு ஒத்துக்காதுன்னாரு. அதான் கேட்டேன். கல்யாணமாகி எத்தன வருசம்? ஒம்பதா! சரி சரி. இருக்கும். சில பேரு அப்படியும் இருப்பாங்க போலிருக்கு.

தப்பா எடுத்துக்காதீங்க. என் உத்தியோகம் அப்படி. ரிட்டயர் ஆயி இவ்வளவு காலம் ஆச்சு, புத்தி மட்டும் ரிட்டயர் ஆக மாட்டேங்குது. ஒரு ஆணும் பொண்ணும் சேந்து நின்னா, நெசமா பொய்யான்னு மனசு தானா எடை போட ஆரம்பிச்சுடும். அந்த விசயத்துல என்னை யாரும் ஏமாத்த முடியாது. முயற்சி பண்ணவங்க நிறையப் பேரு.

என் பேரு தில்லைநாயகி. அரசு மீட்பு இல்லத்துல கண்காணிப்பாளரா இருந்தவ. மீட்பு இல்லம்னா தெரியுமில்ல? அந்தத் தொழில் பண்ற பொம்பளைங்களைப் போலீசு புடிச்சு கோர்ட்டுல நிறுத்தும். கோர்ட்டு எங்ககிட்ட அனுப்பும். நாங்க வச்சுத் திருத்தி வெளிய அனுப்பணும். எந்த ஊருன்னு மட்டும் கேக்காதீங்க, என் பென்ஷன் இன்னும் அந்த ஊர்லேருந்துதான் வருது.

அந்த ஊர்ல பட்டாளத்தார் தெருன்னு ஒண்ணு. வெள்ளைக்காரன் அங்க பட்டாளம் போட்டிருந்த காலத்துல சிப்பாய்ங்களுக்குன்னே ஒதுக்கி விட்ட தெரு. அங்க இருந்த பொம்பளைங்களுக்கெல்லாம் சர்க்காரே சீட்டு குடுத்திருந்துச்சாம். வாராவாரம் ஆஸ்பத்திரிக்கு வந்து படுத்துக் காட்டணும். சீக்கு இருந்தா உள்ள போட்டுப் பூட்டிடுவான், தீர்ற வரைக்கும் விடமாட்டான். வராம ஒளிஞ்சுக்கிட்டவளை மாட்டை ஓட்டுற மாதிரி தெருவோட ஓட்டிக்கிட்டு வருவானாம். எதுக்கு? அவளுங்க நல்லா இருக்கணும்னா? சிப்பாய்க்குச் சீக்கு வந்துடக் கூடாதேன்னு. எப்படிப்பட்ட கல்நெஞ்சு பாருங்க. அந்த ஆஸ்பத்திரிக் கட்டடத்துலதான் பின்னால எங்க இல்லத்தை வச்சாங்க. ஜன்னல் கம்பியெல்லாம் அந்தக் காலத்துக் கம்பி, யானை வந்தாலும் அசைக்க முடியாது. எங்களுக்கு ரொம்ப வசதியாப் போச்சு.

சுதந்திரம் வந்த பெறகு சட்டம் வந்துச்சு. தொழில் பண்றது தப்பில்லையாம், ஆனா தெருவுல நின்னு கூப்புட்டா தப்பு, கோயில் பக்கத்துல இருந்தா தப்பு, பள்ளிக்கூடம் பக்கத்துல இருந்தா தப்பு. அந்த ஊர்ல கோயில் இல்லாத எடம் எது, சொல்லுங்க? அதனால போலீசுக்கு எப்ப வேணாலும் புடிக்கலாம். மாசக் கடைசி ஆனா ஒரு வேன் உள்ள போகும், ரொப்பிக்கிட்டு வரும். ஆம்பளைங்களை ஏன் மேடம் புடிக்கிறதில்லன்னு ஒரு தடவை பயிற்சி வகுப்புல புதுசா வந்த பொண்ணு ஒண்ணு கேட்டுச்சு. புடிச்சு எங்கம்மா வைக்கிறது, அவங்களுக்கு இல்லம் கட்டலியேன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. நெசந்தானே? அவங்களுக்குக் குடும்பம் இருக்கு, காலையில வேலைக்குப் போகணும்.

அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துறீங்களா? காதுல காத்து அடிக்குது. போதும் போதும். உங்களுக்குத் தலை சுத்துமில்ல, கொஞ்சம் தொறந்தே இருக்கட்டும்.

எங்க இல்லத்துல ஒழுங்குன்னா ஒழுங்கு. வந்ததும் முடியைக் கழுத்தோட வெட்டிடுவோம், பேனு. கண்ணாடி கிடையாது. பூ கிடையாது. காலையில பிரார்த்தனை, அப்புறம் தையல். அழுறவளுங்க முதல் வாரம் அழுவாளுங்க, பெறகு அடங்கிடும். உள்ள வைக்கிறது பெரிய வேலை இல்லம்மா. வெளிய அனுப்புறதுதான் வேலை. சும்மா கதவைத் தொறந்து விட்டா நேரா அதே தெருவுக்குத்தான் போவாளுங்க. அதனால விதி என்னன்னா, ரத்த சொந்தம் யாராவது வந்து கூட்டிட்டுப் போகணும், இல்ல தாலி கட்டுன புருஷன் வரணும். வந்தவன் நெசமான ஆளான்னு விசாரிச்சு எழுதிக் குடுக்குறது என் பொறுப்பு. மாஜிஸ்ட்ரேட்டு என் எழுத்தைத்தான் பாப்பாரு. என் பேனா அசைஞ்சா கதவு தொறக்கும்.

இது தெருவுல வீடு நடத்துறவளுங்களுக்குத் தெரியாதா? பொண்ணு உள்ள இருந்தா அவளுங்களுக்குப் பொழப்பு போச்சே. அதனால புருஷன்னு சொல்லி ஒருத்தனை அனுப்புவாளுங்க. வாடகைப் புருஷன். தாலியை வச்சுக் கண்டுபுடிக்கலாம்னா, அந்தத் தெருவுல எல்லா கழுத்துலயும் தாலி தொங்கும். போலீசு வந்தா காட்டுறதுக்கு.

ஆரம்பத்துல நானும் ஏமாந்தவதான். புருஷன்னு வந்தவனை உக்கார வச்சுக் கேள்வி கேப்பேன். அவ அம்மா பேரு என்ன, மச்சம் எங்க இருக்கு, என்ன சாப்பாடு புடிக்கும். அதையே உள்ள போயி அவகிட்டயும் கேப்பேன். ரெண்டும் ஒத்துப்போனா அனுப்பிடுவேன். அடுத்த மாசம் அவளே அதே வேன்ல வந்து எறங்குவா. எனக்கு மேல இருந்து மெமோ வரும். எல்லாத்தையும் சொல்லிக் குடுத்து, ஒப்பிக்க வச்சு அனுப்பியிருக்காளுங்க.

ஒரு நாள் மெமோ வாங்கின வயித்தெரிச்சலோட வீட்டுக்கு வந்து எங்க வீட்டுக்காரருக்குச் சாப்பாடு போட்டுக்கிட்டு இருந்தேன். அவரு பேப்பரைப் பாத்துக்கிட்டேதான் சாப்புடுவாரு. என்னவோ தோணுச்சு. ஏங்க, எனக்கு எந்தக் காய் ஆகாது சொல்லுங்கன்னேன். நிமிந்து பாத்தாரு. உனக்கு எது ஆகாது, எல்லாந்தான் திங்கிறன்னாரு. எனக்குக் கத்திரிக்கா ஆகாதும்மா. தின்னா மேலெல்லாம் தடிச்சுப் போயிடும். அவருக்குப் புடிக்குமேன்னு கல்யாணமான நாள்லேருந்து எங்க வீட்டுல வாரத்துல பாதி நாள் கத்திரிக்காதான். நான் மோரை ஊத்தித் தின்னுட்டு எந்திரிச்சுடுவேன். எங்கம்மா பேரைக் கேட்டேன், யோசிச்சு எங்க சித்தி பேரைச் சொன்னாரு. நான் எந்தப் பக்கமாப் படுப்பேன்னு கேட்டேன். என்ன இன்னைக்கு உனக்கு, ரசத்தை ஊத்துன்னாரு.

அந்த ரசத்தை ஊத்துறப்பதான் எனக்குப் பொறி தட்டுச்சு. நெசமான புருஷனுக்கு ஒண்ணுமே தெரியாது. தெரியணும்னு அவசியமும் இல்ல. வீட்டுல இருக்குற சாமானைப் பத்தி யாராவது படிச்சு வச்சுக்குவாங்களா? எவன் எல்லாத்தையும் தெரிஞ்சுக்கிட்டு வர்றானோ அவன்தான் போலி. அன்னைக்கு ராத்திரி பூரா எனக்குத் தூக்கம் வரல. சந்தோசத்துலதான்னு நெனைக்கிறேன். கண்ணுல தண்ணி கூட வந்துச்சு.

மறுநாள்லேருந்து முறையை மாத்திட்டேன். கேள்வி அதேதான். சரியாச் சொன்னா வெளிய போ. முழிச்சா, உக்காருங்க. ஒரு கொத்தனாரு வந்தாரு. பொண்டாட்டி வயசு தெரியல, பேரைக் கூட பாதிதான் சொன்னாரு, என் எதுக்கவே அவளைத் தலையில ஒரு தட்டு தட்டி நடடின்னாரு. சந்தேகமே இல்லாம எழுதிக் குடுத்தேன். அந்தப் பொண்ணு அப்புறம் வேன்ல வரவே இல்ல. என்ன ஆனாளோ தெரியாது. வேன்ல வரலேன்னா திருந்திட்டான்னு அர்த்தம், எங்க கணக்கு அதுதான். இப்படியே திரும்பி வர்றது கொறைஞ்சு போச்சு. டைரக்டர் ஆபீசுலேருந்து வந்து, உங்க இல்லத்துல மட்டும் எப்படி மேடம்னு கேட்டாங்க. எனக்குன்னு ஒரு முறை இருக்கு சார்னேன். குடியரசு தினத்துக்குக் கலெக்டர் கையால நற்சான்று தர்றதுக்கு என் பேரை எழுதிட்டுப் போனாங்க.

அந்த நற்சான்று எனக்குக் கிடைக்கல. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொல்றேன். கெடுத்தவன் ஒருத்தன். பேரு மாசிலாமணி.

அந்த வருசம் வந்த வேன்ல பவுனுன்னு ஒரு பொண்ணு. ஒல்லியா, கறுப்பா, பெரிய அழகுன்னு சொல்ல முடியாது. மேடம், நான் அதையெல்லாம் விட்டு ரெண்டு வருசம் ஆச்சு, எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு, தயிர் வாங்கத்தான் வந்தேன், வேன்ல ஏத்திட்டாங்கன்னா. கையில தயிர்த் தூக்கு கூட இருந்துச்சு. எல்லாரும் ஏதாவது வாங்கத்தான் வந்திருப்பாளுங்க. அப்ப ஏண்டி அந்தத் தெருவுல குடியிருக்கன்னேன். அவரு வேலை பாக்குற பட்டறை அங்கதான் மேடம், வேற எங்க போயி வீடு கேட்டாலும் என்னைப் பாத்துட்டு இல்லைங்குறாங்கன்னா. முடி வெட்டுறப்ப மட்டும் ரொம்பக் கெஞ்சுனா. அவரு வந்து பாத்தா வருத்தப்படுவாருன்னு.

மறுநாளே வந்துட்டான் மாசிலாமணி. மோட்டாருக்குக் காயில் கட்டுறவன். விரலெல்லாம் வார்னிஷு ஏறிப் போயிருந்துச்சு. வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு, தலையை ஈரமா வாரிக்கிட்டு, பள்ளிக்கூடத்துல சேக்க வந்தவன் மாதிரி நின்னான். உக்காரச் சொல்லிக் கேள்வியை ஆரம்பிச்சேன்.

அவளுக்கு என்ன சாப்பாடு புடிக்கும்?

"மீனுன்னா உசுருங்கம்மா. அதுலயும் தலைதான் புடிக்கும். ஆனா தலையை எனக்கு வச்சுட்டு வாலை அவ எடுத்துக்குவா. அதனால எனக்குத் தலை புடிக்காதுன்னு பொய் சொல்லி வச்சிருக்கேன்."

எனக்கு அப்பவே சிரிப்பு. சரி, எதுக்குப் பயப்படுவா?

"இடி மின்னலுக்கெல்லாம் பயப்பட மாட்டாம்மா. கதவைத் தட்டுனா பயப்படுவா. பழசெல்லாம் ஞாபகம் வந்துடும் போல. அதனால நான் தட்டுறதே இல்ல. தெரு முக்குலேருந்தே பவுனு பவுனுன்னு கூப்புட்டுக்கிட்டே வருவேன்."

எப்படிப் படுப்பா?

கொஞ்சம் வெக்கப்பட்டான். "முதல்ல எல்லாம் சுவத்தைப் பாத்துத்தாம்மா படுப்பா. இப்பக் கொஞ்ச நாளா இந்தப் பக்கம் திரும்பிப் படுக்குறா."

என்னமாப் பாடம் பண்ணியிருக்கான் பாருங்க. ஒரு எடத்துல தயங்கல, ஒரு எடத்துல முழிக்கல. நானும் எத்தனையோ வாடகைப் புருஷனைப் பாத்திருக்கேன், இவன் அளவுக்கு எவனும் தேறினதில்ல. உள்ள போயி அவளைக் கேட்டேன். ஒரு எழுத்து மாறல. மீன்தலை விசயத்துல மட்டும், அவருக்குத் தலை புடிக்காது மேடம், பாவம், வாலைத்தான் தின்னுவாருன்னா. அதை வச்சு ரெண்டு பேருக்கும் எவளோ சேத்துச் சொல்லிக் குடுத்திருக்கான்னு உறுதி ஆயிடுச்சு.

வெளிய வந்து, நீ போகலாம்ப்பான்னேன். அவளை எப்பம்மா அனுப்புவீங்கன்னு கேட்டான். நீ புருஷன் இல்ல, நெசமான புருஷனுக்கு இவ்வளவெல்லாம் தெரியாதுன்னு முகத்துக்கு நேராச் சொன்னேன். நான் மறைச்சுப் பேசுறவ இல்ல. வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்புனான். அப்புறம், "எவ்வளவு தெரிஞ்சிருக்கணும்மா?"ன்னு கேட்டான். எதுத்துப் பேசலம்மா. நெசமாவே தெரிஞ்சுக்கணும்ங்குற மாதிரித்தான் கேட்டான். அதுலதான் எனக்கு எரிச்சல் வந்துச்சு.

அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமை ஆனா தூக்குல மீன்குழம்பு கொண்டாந்து குடுப்பான். உள்ள விடக் கூடாது, வெளிச் சாப்பாடு. ஆயாவுங்க சாப்புடுவாங்க. நல்லாத்தான் இருக்கும்னாங்க.

அதுக்குள்ள பவுனோட சொந்த ஊருக்குத் தகவல் போயி, தாய்மாமன் ஒருத்தர் வந்து சேந்தாரு. சோலையப்பன்னு பேரு. வெள்ளை வேட்டி, நெத்தி நிறையத் திருநீறு, ஊர்த் தலைவர்கிட்ட வாங்கின அத்தாட்சி. பாத்தாலே மரியாதை வர்ற ஆளு. வாங்க, உக்காருங்கன்னேன். கேள்வி எல்லாருக்கும் ஒண்ணுதானே.

"வயசு இருக்குமுங்க, இருவதோ முப்பதோ."

என்ன புடிக்கும்?

"பொட்டப்புள்ளைக்கு என்னங்க புடிக்கிறது? போட்டதைத் திங்கும்."

எனக்கு அப்படியே எங்க வீட்டுக்காரரு குரலைக் கேட்ட மாதிரி இருந்துச்சு. கடைசியா எப்பப் பாத்தீங்கன்னேன். தாயும் தகப்பனும் போன பெறகு, சின்ன வயசுலயே ஒரு வீட்டு வேலைக்குன்னு தான்தான் கொண்டு போயி விட்டதாச் சொன்னாரு. அப்புறம் அதுவா எங்கியோ போயிடுச்சாம். தேடலீங்களான்னு கேட்டேன். "அறுப்பு நேரமுங்க"ன்னாரு. எவ்வளவு யதார்த்தமா சொல்றாரு பாருங்க. ஒரு பூச்சு இல்ல, ஒரு நடிப்பு இல்ல. எனக்கு மனசு நெறைஞ்சு போச்சு.

பவுனை வரச் சொன்னேன். வந்தவ அவரைப் பாத்ததும் அப்படியே நின்னுட்டா. நின்ன எடத்துலயே பாவாடையெல்லாம் நனைஞ்சு தரையில ஓடுது. சொந்த ரத்தத்தை அத்தன வருசம் கழிச்சுப் பாத்தா ஒடம்பு என்னதான் பண்ணும்? ஆயாவைக் கூப்புட்டுத் தொடைக்கச் சொன்னேன்.

சாயங்காலம் என் ரூமுக்கு வந்து காலைக் கட்டிக்கிட்டா. "மேடம், என்னை மொதமொதல்ல அந்த வீட்டுல கொண்டு வித்ததே அவருதான். உங்களுக்குக் கோடிப் புண்ணியம். என்னை இங்கயே வச்சுக்குங்க. தைக்கிறேன், கூட்டுறேன், கக்கூசு கழுவுறேன். அவருகூட மட்டும் அனுப்பாதீங்க." இந்தப் பேச்சும் எனக்குப் புதுசில்ல. சொந்தக்காரங்க வந்தாலே எல்லாரும் இப்படித்தான் பழி போடுவாளுங்க, அப்பதானே வாடகைப் புருஷன் கூட போகலாம். அப்படியே சின்ன வயசுல ஏதோ நடந்திருந்தாலும், இப்ப மனசு மாறித்தானே மனுசன் தேடிக்கிட்டு வந்திருக்காரு? மெனக்கெட்டு பஸ்சேறி வந்திருக்காரே. அதைச் சொன்னேன். எந்திரிச்சுப் போயிட்டா.

எழுதிக் குடுத்தேன். கோர்ட்டு உத்தரவு வந்துச்சு. போற அன்னைக்குத் தகராறு பண்ணா, கம்பியைப் புடிச்ச கையை எடுக்க ரெண்டு ஆயா வேண்டியிருந்துச்சு. அந்தக் கம்பியிலேருந்து வெளிய போகாம அடம் புடிச்சவ என் சர்வீசுலயே அவ ஒருத்திதான். எங்க இல்லத்து மேல அவ்வளவு ஒட்டுதல். தெரு திரும்புற எடத்துல நின்னு என்னைத் திரும்பிப் பாத்தா. நன்றி சொல்ல வாய் வரல போலிருக்கு.

அந்த ஞாயித்துக்கிழமை தூக்கோட வந்து நின்னான் மாசிலாமணி. ரத்த சொந்தத்துகிட்ட ஒப்படைச்சாச்சுப்பான்னேன். எந்த ஊரு, என்ன விலாசம்னு கேட்டான். அதை வெளி ஆளுக்குச் சொல்லக் கூடாது. அவ மாமன் விக்கிறவன்ம்மா, மாமன் விக்கிறவன்ம்மான்னு அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். வாட்ச்மேனை விட்டு வெளிய தள்ளச் சொன்னேன். குழம்பு படியெல்லாம் கொட்டிப் போச்சு. அப்புறம் கலெக்டருக்கு மனு, மந்திரிக்கு மனு. விசாரணைன்னு எவனோ வந்தான், ஒரு தப்பும் இல்லன்னு எழுதிட்டுப் போனான். தப்பு இல்லதான், ஆனா மனு இருக்குற ஆளுக்கு நற்சான்று குடுக்கக் கூடாதாம். என் பேரை எடுத்துட்டு ஒரு வேளாண்மை ஆபீசருக்குக் குடுத்துட்டாங்க. அதுக்குன்னு பட்டுப்புடவை வேற எடுத்து வச்சிருந்தேன். இன்னும் மடிப்புக் கலையாம பெட்டியில கிடக்கு.

அவன் விடலம்மா. எங்க இல்லத்துக்கு எதுத்தாப்புல ஒரு பாதாம் மரம். சம்பளம் வாங்கினா ஊர் ஊரா பஸ்சேறித் தேடுறது, தீந்து போனா அந்த மரத்தடியில வந்து உக்காருறது. என்னைப் பாத்தா எந்திரிச்சு நிப்பான். அது எனக்கு எவ்வளவு சங்கடம்னு அவன் யோசிச்சானா?

ஒரு வருசத்துக்கு மேல இருக்கும். வேற ஜில்லா இன்ஸ்பெக்டர் ஒருத்தர் ஜீப்புல வந்தாரு. பைபாஸ் ரோட்டுல லாரி அடிச்சு ஒரு பொம்பளை செத்துக் கிடக்குறா, யாருன்னு தெரியல, உள்பாவாடை ஓரத்துல சிகப்பு நூல்ல உங்க இல்லத்துக் குறி போட்டிருக்கு, வந்து பாருங்கன்னாரு. ஓடிப் போறவளுங்களைக் கண்டுபுடிக்க நான் கொண்டாந்த ஏற்பாடு அது. அத்தன நாள் தொவைச்சும் ஒரு நூலு விட்டுப் போகல. நல்ல தையல் மேடம்னு இன்ஸ்பெக்டரே சொன்னாரு. அந்த ரோட்டுல ரெண்டு பக்கமும் லாரிக்காரங்களுக்கான லாட்ஜுங்க. அதுல ஏதோ ஒண்ணுலேருந்து எறங்கி, செருப்பு கூட இல்லாம ஓடியிருக்கா. எந்தப் பக்கமா ஓடுனான்னு கேட்டேன். எங்க ஊர் இருக்குற பக்கமாத்தானாம். பாருங்க, அவ்வளவு திருத்தியும் அந்தத் தெருவுக்குத்தான் திரும்ப ஓடியிருக்கா.

குறி எண்ணை வச்சு, பவுனுக்குக் குடுத்த பாவாடைதான்னு தெரிஞ்சு போச்சு. சோலையப்பனுக்குச் சொல்லி அனுப்புனாங்க. நான் ஜீப்புல ஏறுறப்ப அந்த மாசிலாமணி மரத்தடியிலதான் இருந்தான். எங்க பேச்சு காதுல விழுந்திருக்கணும். நாங்க போயிச் சேந்த கொஞ்ச நேரத்துல அவனும் ஆஸ்பத்திரி வாசல்ல வந்து நின்னான்.

முதல்ல தாய்மாமனைக் கூட்டிட்டுப் போயிக் காட்டுனாங்க. முகம்னு ஒண்ணும் இல்லம்மா. அதை விடுங்க, நீங்க வேற எலுமிச்சம்பழத்தோட உக்காந்திருக்கீங்க. அவரு துண்டால வாயை மூடிக்கிட்டுப் பாத்தாரு. "அது மாதிரியும் இருக்கு, வேற மாதிரியும் இருக்குங்க"ன்னாரு. உங்க வீட்டுல இருந்தவ எப்படிய்யா பைபாஸ் ரோட்டுக்கு வந்தான்னு இன்ஸ்பெக்டரு கேட்டதுக்கு, "அதுவாப் போயிடுச்சுங்க"ன்னாரு. பாவாடையை மட்டும் வச்சு முடிக்க முடியாது, எவளாவது எவளுக்காவது குடுத்திருப்பா, பாத்துச் சொல்ற ஆள் வேணும்னு இன்ஸ்பெக்டரு முணுமுணுத்துக்கிட்டு, வாசல்ல நின்ன இவனைப் பாத்து நீ யாருன்னாரு. புருஷனுங்கன்னான். சரி, நீயும் பாருன்னாரு.

பொணத்தைக் காட்டுற ஆளு அவசரத்துல துணியைக் கால் பக்கம் தூக்கிட்டான். ஒரு பாதம்தான் தெரிஞ்சுது. "அவதான்"னான் மாசிலாமணி. இன்னும் முகம் கூடப் பாக்கலியே, எப்படிச் சொல்றன்னு இன்ஸ்பெக்டரு கேட்டாரு. அவளுக்குக் குதிகால் வெடிக்குமாம். ராத்திரியில தேங்காயெண்ணெயில மெழுகுவத்தியை உருக்கி இவன்தான் தேச்சு விடுவானாம். இடது குதிகால்ல ஒரு வெடிப்பு மட்டும் ஆறவே ஆறாதாம், கவட்டை மாதிரி ரெண்டாப் பிரிஞ்சிருக்குமாம். குனிஞ்சு பாத்தோம். இருந்துச்சு.

உங்களையே கேக்குறேன், எந்த ஆம்பளையாவது பொண்டாட்டி காலைத் தொடுவானா? எனக்கும் குதிகால் வெடிக்குது. மழைக்காலத்துல ரத்தம் கூட வரும். எங்க வீட்டுக்காரருக்கு எனக்குக் கால் இருக்குறதே தெரியாது.

அடையாளம் ஆச்சு. பொணத்தை யாருகிட்ட குடுக்குறதுன்னு கேள்வி வந்துச்சு. இன்ஸ்பெக்டரு என்னைப் பாத்தாரு. மேடம், உங்க ரெக்கார்டுல யாரு உரிமைக்காரருன்னாரு. ரெக்கார்டுல என்ன இருக்கோ அதைத்தானே நான் சொல்ல முடியும்? தாய்மாமன்தான்னேன். அவரு இன்ஸ்பெக்டரைத் தனியாக் கூப்புட்டு, கண்டிப்பா ஊருக்கு எடுத்துட்டுப் போகணுங்களா, இங்கயே முடிச்சுக்க முடியாதான்னு கேட்டாரு. முனிசிபாலிட்டி வண்டியிலயே அனுப்பிடலாம், இங்க கைநாட்டு வைங்கன்னாங்க. வச்சுட்டு, பஸ்சுக்கு நேரமாச்சுன்னு போயிட்டாரு. பாவம், அலைஞ்ச மனுசன்.

நான் வெளிய வந்தேன். இவன் என் எதுக்க வந்து நின்னான். அழுது கத்துவான், ஏசுவான்னு நெனைச்சேன். கையைக் கட்டிக்கிட்டு, அன்னைக்கு முதல் நாளு நின்னானே, அதே மாதிரி நின்னான்.

"அம்மா, நீங்க அன்னைக்குக் கேட்டதெல்லாம் மறுபடி கேளுங்கம்மா. எனக்கு ஒண்ணும் தெரியாது. அவளுக்கு என்ன புடிக்கும்னு தெரியாது. எப்படிப் படுப்பான்னு தெரியாது. எது கேட்டாலும் தெரியாதுன்னுதான் சொல்வேன். புருஷன்னு எழுதி எங்கிட்டக் குடுத்துடுங்கம்மா. குளிப்பாட்டி நானே கொண்டு போறேன்."

நான் ஒண்ணும் கல்லு இல்லம்மா. எனக்கும் ஒரு மாதிரி ஆயிடுச்சு. வண்டி வர்றதுக்கு இன்னும் நேரம் இருந்துச்சு. நெனைச்சா மாத்தி எழுதலாம், இன்ஸ்பெக்டரும் மறுக்க மாட்டாரு, யாருகிட்டயாவது தள்ளி விட்டா சரின்னுதான் அவரும் இருந்தாரு. ஆனா முறைன்னு ஒண்ணு வச்சிருக்கேன் இல்ல? அத்தன பேருக்கும் பாத்ததை இவனுக்கு மட்டும் விட முடியுமா? சரி, கேட்டே பாத்துடுவோம்னு கேட்டேன். ரொம்பச் சுளுவான கேள்விதான் கேட்டேன். தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், எழுதிக் குடுத்துடலாம்னுதான் இருந்தேன், சத்தியமா.

அவ பேரு என்னப்பான்னேன்.

வாயைத் தொறந்தான். மூடினான். தெரியாதுன்னு சொல்லுடா, சொல்லுடான்னு நானே மனசுக்குள்ள சொல்றேன். அவன் என்னைப் பாக்கல. பொணம் வச்சிருந்த ரூமோட கதவையே பாத்துக்கிட்டு நின்னான். அப்புறம், தெரு முக்குலேருந்து கூப்புடுற மாதிரி, "பவுனு"ன்னான்.

பாத்தீங்களா? கடைசி வரைக்கும் சரியாத்தான் சொன்னான். அப்புறம் நான் எப்படிம்மா குடுக்க முடியும்?